பேணாட் கட்டிய லாப்டொப்

அருள்மலருக்கு ஒரு லாப்டொப் வேண்டியிருந்தது. கடைக்குப் போய், காசைக் கொடுத்து, பெட்டியோடு தூக்கிக்கொண்டு வருகிற சாதாரண லாப்டொப். கேம் விளையாடச் சூடாகாமல் ஓடினால் போதும். உலகத்தில் எத்தனையோ சனம் தினமும் செய்கிற காரியம்தான் இது. ஆனால் அந்தச் சனத்தில் ஒருவரும் பேணாட்டைக் கலியாணம் கட்டியிருக்கவில்லை. அந்தப் பாக்கியம் அருள்மலர் ஒருத்திக்குத்தான் வாய்த்தது.

"கடையில வாங்கிறதோ?" என்று பேணாட் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தான். "ஆரோ ஒருத்தன் அவசரத்தில பூட்டிவிட்ட சாமானுக்கு நாங்கள் ஏன் காசு குடுக்கவேணும்? நான் கட்டித் தாறன்."

"வள்ளம் மாதிரிக் கட்டிற சாமானில்ல அது."

"கட்டத் தெரிஞ்சவனுக்கு எல்லாம் ஒண்டுதான், மலர்."

திருகோணமலை உட்துறைமுகக் கரையில் பைபர் வள்ளம் கட்டுகிற பட்டறையில் பேணாட்டுக்கு வேலை. வேலையில் கெட்டிக்காரன், அதில் ஒரு சந்தேகமும் இல்லை. கெட்டித்தனம் பட்டறையோடு நின்றிருந்தால் அருள்மலருக்கும் ஒரு கரைச்சல் இருந்திருக்காது. வீட்டில் கதிரைக் கால் உடைந்தால் பைபர். தண்ணீர்த் தாங்கி வெடித்தால் பைபர். அலுமாரிக் கதவு கழன்றபோதும் பைபரும் ரெசினும் பூசி ஒட்டினான். அது இனி இந்த ஜென்மத்தில் கழலாது. திறக்கவும் திறக்காது. உள்ளே அருள்மலரின் கலியாணச் சேலை இருக்கிறது.

அருள்மலர் பகலில் நகரத்து பார்மசி ஒன்றில் மருந்து கொடுப்பாள். பின்னேரத்தில் ஆட்களைச் சுடுவாள். கேமில்தான். பெற்றோலுக்கு வரிசையில் நாள்கணக்காகக் காய்ந்த காலத்தில் கைபேசியில் தொடங்கிய பழக்கம் அது. முன்னால் ஸ்கூட்டியோடு நின்ற கிண்ணியாப் பெண் பஸ்மியாவும் அதையே விளையாடினாள். இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து அந்த வரிசையில் நின்ற ஆம்பிளைகள் எல்லாரையும் சுட்டு வீழ்த்தினார்கள். அன்றைக்குப் பெற்றோல் வரவில்லை, ஆனால் சிநேகிதம் வந்தது. பிறகு பஸ்மியாவின் தம்பியின் லாப்டொப்பில் இருந்து விளையாடி அருள்மலர் ஊரறிந்த கைகாரியானாள். தம்பி கட்டாருக்குப் போனபோது லாப்டொப்பும் அவனோடு விமானம் ஏறிவிட்டது.

இந்த நேரம் பார்த்துத்தான் கிண்ணியாவில் புதிதாகத் திறக்கிற கடையொன்று போட்டி அறிவித்தது. இரண்டிரண்டு பேராக விளையாடவேண்டும். வெல்கிற சோடிக்கு ஒரு கேடயம், பெட்டி உடைக்காத கேமிங் லாப்டொப் ஒன்று.

"கேடயம் எனக்கு, லாப்டொப் ஒனக்கு" என்றாள் பஸ்மியா. அவளிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. "ஆனா மலர், ஆளுக்கொரு சொந்த லாப்டொப்போட வரணுமாம். அதுதான் சட்டமாம்."

லாப்டொப்பை வெல்வதற்கு லாப்டொப் வேண்டும்! நியாயத்தைப் பாருங்கள். அருள்மலர் சீட்டுக் காசை எடுத்துக்கொண்டு கடைக்குப் புறப்படத்தான் இருந்தாள். அந்தக் காசைத்தான் பேணாட் "நான் கட்டித் தாறன்" என்று வாங்கிக்கொண்டு போனான்.

இதற்குள் அருள்மலரின் இடத்துக்கு இன்னொருத்தியும் காத்துக்கொண்டிருந்தாள். டிலக்ஷி, பேணாட்டின் தங்கச்சி. அவள் கொழும்பில் ஆயத்தமாக விற்கிற லாப்டொப் ஒன்றை வாங்கி வந்திருந்தாள். கடுதாசி மாதிரி மெல்லியது. எழுத்துக் கட்டைகளுக்கு அடியில் திருவிழாக் கோயில் மாதிரி வெளிச்சம் ஓடும். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கிழமைக்கொருதரம் அண்ணன் வீட்டுக்கு வந்து, "உங்கட லாப்டொப் எந்த மட்டில மச்சாள்?" என்று கேட்பாள். அக்கறையில் கேட்பதுபோலத்தான் இருக்கும். அருள்மலருக்கு உள்ளங்கால் வரைக்கும் எரியும்.

பஸ்மியா வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிட்டாள். "போட்டிக்கு முந்தின வெள்ளிக்கிழம நான் வருவன். ஒன்ட மிசின் ஒரு முழு ஆட்டம் ஓடிக் காட்டணும். ஏலாட்டி டிலக்ஷியத்தான் போடணும். என்னோட கோவிக்கப் படாது."

பேணாட் பட்டறை முடிந்து வந்து வீட்டு மாமரத்தின் கீழ் வேலையைத் தொடங்கினான். திருத்துகிற கடை ஒன்றில் வெளிக்கோது உடைந்த லாப்டொப்பின் குடல், ஈரல் எல்லாவற்றையும் வாங்கிவந்திருந்தான். ஸ்கிரீன் ஒரு இடத்தில், பற்றரி ஒரு இடத்தில், எழுத்துக் கட்டை இன்னொரு இடத்தில் என்று சேர்த்தான். மூளைக்குரிய அலுவல்களை யூடியூப்பைப் பார்த்துப் பிழையில்லாமல் பூட்டினான். அது வரைக்கும் அருள்மலரே மெச்சினாள். பிறகு கோது செய்ய வெளிக்கிட்டான்.

பைபர் துணியை அடுக்கடுக்காக விரித்து, ரெசினைப் பூசி, காயவிட்டு, உரஞ்சி, திரும்பப் பூசினான். முன்பக்கம் கொஞ்சம் கூராக எழும்பியது. "எதுக்கப்பா மூக்கு?" என்று கேட்டதற்கு, "அலையை வெட்டத்தான்" என்று சொல்லி, சொன்ன பிறகுதான் யோசித்தான். ஆனாலும் மூக்கை எடுக்கவில்லை. அடிப்பக்கத்தில் கனமான அலுமினியத் தகடு ஒன்றை ஒட்டினான். கரையில் இழுக்கும்போது வள்ளத்தின் அடி தேயாமலிருக்க அப்படித்தான் செய்வார்களாம். அந்தத் தகட்டை அருள்மலர் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. சோற்றுப் பானையின் மூடியைத் தேடித் தேடி அவள் குசினியைத் தலைகீழாகப் புரட்டியது அந்தக் கிழமைதான்.

வேலை முடிந்ததும் வெள்ளையும் நீலமுமாக நிறம் பூசினான். மௌஸ் வயரும் கரண்ட் வயரும் உள்ளே போகிற இடங்களில், புரொப்பெல்லர் தண்டு வள்ளத்துக்குள் போகிற இடத்தில் வைப்பதுபோல ரப்பர் வைத்து, கிறீசும் அப்பினான். கடைசியாக, மூக்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் பெயர் எழுதினான். பெயர் இல்லாமல் வள்ளம் இறக்குகிற வழக்கம் இல்லை.

பெயர், அருள்மலர்.

அருள்மலர் அதைப் பார்த்தாள். பானை மூடிக்காகச் சேர்த்து வைத்திருந்த ஏச்செல்லாம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. இந்த மனிசன் இதுவரை பெரிய பெரிய முதலாளிமாருடைய வள்ளங்களுக்கெல்லாம் பெயர் எழுதியிருக்கிறான். அவளுடைய பெயரை எழுதியது இதுதான் முதல் தடவை. எழுத்துக் கொஞ்சம் சரிவாக இருந்தது. அவளுக்கு அது இன்னும் பிடித்தது.

குசினி மேசையில் வைத்துப் போட்டாள். ஸ்கிரீன் பளிச்சென்று வந்தது, ஆட்டம் தொடங்கியது. முதல் ஆளைச் சுட்டாள், இரண்டாவது ஆளைக் குறிபார்த்தாள், ஸ்கிரீன் கறுத்துப்போய்விட்டது. கோதைத் தொட்டவள் கையை உதறினாள். அடியில் மேசையில் விரித்திருந்த மெழுகுசீலை உருகி வட்டமாகத் தழும்பு விழுந்திருந்தது.

"காத்து எங்கால போகுது இதுக்கு?" என்றாள்.

"காத்தோ? ஒரு துளி போகாது" என்று பேணாட் பெருமையாகச் சொன்னான்.

உள்ளே காற்றாடி இருந்தது. பாவம், அது உள்ளே இருந்த சூட்டையே திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே போக வழியில்லை.

"ஓட்டை போடவேணும் அப்பா. ரெண்டு பக்கமும் நாலஞ்சு ஓட்டை."

பேணாட்டின் முகம் மாறியது. அவனுடைய தாயைப் பற்றி ஏதோ கூடாததாகச் சொல்லிவிட்டதுபோல அவளைப் பார்த்தான். "மலர், நீர் யோசிச்சுத்தான் கதைக்கிறீரோ? காலம் முழுக்க ஓட்டை அடைச்சுச் சோறு தின்னிற கை இது. இந்தக் கையால ஓட்டை போட ஏலாது."

"கம்பனிக்காரர் எல்லாரும் போடினம்தானே."

"அதைத்தான் நானும் சொல்லுறன். அவங்களுக்கு வேலை தெரியாது. கடையில விக்கிற ஒண்டைக் கடலில போட்டுப் பாரும். மிதக்குதோ எண்டு சொல்லும்."

"லாப்டொப்பை ஏன் கடலில போடவேணும்?"

"விழுந்தா?"

பாலையூற்றில் இருக்கிற வீட்டின் குசினி மேசையிலிருந்து ஒரு லாப்டொப் எப்படி எழும்பிப் போய்க் கடலில் விழும் என்று அருள்மலர் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு விளக்கம் வரும். போய்ப் படுத்துவிட்டாள். நாளைக்கு வெள்ளிக்கிழமை. பஸ்மியா வருவாள், மேசையில் வைத்துப் போடுவாள், இரண்டு ஆளைச் சுடமுன் கறுக்கும். தன்னுடைய இடத்தில் டிலக்ஷி வெளிச்சம் ஓடுகிற கட்டைகளைத் தட்டிக்கொண்டு இருப்பாள். நினைக்க நினைக்க அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது. இரண்டில் எதை முதலில் கவனிப்பது என்று தெரியாமல் நித்திரையாகிவிட்டாள்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு அவசரமானாலும், எந்தப் பெரிய மனிசனுடைய வள்ளமானாலும், சொந்தக்காரனிடம் கொடுக்கமுன் தண்ணீரில் இறக்கி மிதக்கவிட்டுப் பார்க்கவேண்டும். அந்தச் சோதனை இல்லாமல் பேணாட் கையிலிருந்து ஒன்றும் போனது கிடையாது.

விடிந்து, வாயில் பற்தூரிகையோடு கிணற்றடிக்குப் போன அருள்மலர் கண்டது இதைத்தான். உடுப்பு ஊறப்போடுகிற பெரிய பேசின் நிறையத் தண்ணீர். நடுவே லாப்டொப் மிதக்கிறது. மூடி திறந்திருக்கிறது, ஸ்கிரீன் எரிகிறது. பக்கத்தில் பேணாட் குந்தியிருந்து தேத்தண்ணி குடிக்கிறான்.

அவள் வைத்த சத்தத்தில் பற்தூரிகை கிணற்றுக்குள் விழுந்தது.

"கத்தாதையும். சோதனை நடக்குது" என்றான் பேணாட். "ஒரு துளி உள்ளுக்குப் போகேல்ல, பாரும்."

"எப்ப தொடக்கம் ஓடுது?"

"நான் எழும்பினதிலயிருந்து."

அருள்மலர் வாயைத் துடைத்துக்கொண்டு கிட்டப் போனாள். மெதுவாகக் கோதைத் தொட்டாள். குளிர்ந்துபோய் இருந்தது. நேற்றுத் தேத்தண்ணி கொதிக்கிற நேரம்கூடத் தாக்குப்பிடிக்காத சாமான் இது. அவளுக்கு மெல்லப் பிடிபட்டது. உள்ளே இருக்கிற சூடெல்லாம் அவளுடைய பானை மூடி வழியாகத் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது! சூட்டைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லாமல், வள்ளத்தின் அடி தேயக்கூடாது என்று ஒட்டிய மூடி.

"உந்த மூடியை நீங்கள் யோசிச்சு ஒட்டினனீங்களோ?" என்றாள்.

பேணாட் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தான். "ஓம்" என்றான்.

அன்றைக்குப் பின்னேரம் பஸ்மியா வந்தாள். பேசினைக் கண்டாள். கிணற்றுக் கட்டில் இருந்து சிரித்தாள், எழும்பி நின்று சிரித்தாள், பிறகு மாமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து முடியமுன் அருள்மலர் ஒரு முழு ஆட்டம் ஆடி வென்றுவிட்டாள். கை அசைய லாப்டொப்பும் அசைந்தது. ஸ்கிரீனில் தெரிகிற ஆள் ஒரு பக்கம் ஓட, ஸ்கிரீன் வேறு பக்கம் சாய்ந்தது. முதலில் தலை சுற்றியது. பிறகு அந்த ஆட்டத்தோடேயே குறிபார்க்க அவளுக்குக் கை பழகிவிட்டது.

"அல்லாஹ்வே" என்றாள் பஸ்மியா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஓடுது. முழு ஆட்டமும் ஓடுது. என்ட வாயால சொன்ன சொல்லு. நீதான் வாற."

ஞாயிறு காலைப் பூசை முடிந்து ஓட்டோவில் கிண்ணியாவுக்குப் போனார்கள். அருள்மலரின் மடியில் லாப்டொப். பேணாட்டின் மடியில் பேசின், காலுக்கடியில் மீன் சந்தையில் வாங்கிய ஐஸ். மற்ற ஓரத்தில் டிலக்ஷி, தன்னுடைய மெல்லிய லாப்டொப்பை அணைத்தபடி. "ஏதும் நடந்தா உதவிக்கு ஒரு ஆள் வேணும்தானே, மச்சாள்" என்று தானாகவே ஏறியிருந்தாள். ஏதும் நடக்கவேண்டும் என்று அவள் பூசையில் முழந்தாளில் நின்று மன்றாடியதை அருள்மலர் பின்வரிசை வாங்கிலிருந்து பார்த்தவள். வேறு எதற்கு டிலக்ஷி முழந்தாளில் நிற்கப்போகிறாள்?

கிண்ணியாப் பாலத்தில் ஓட்டோ ஏறியபோது பேணாட் கீழே கடலை எட்டிப் பார்த்தான். "இப்ப விழுந்தாலும் எங்கட லாப்டொப்புக்குப் பயமில்லை" என்றான். ஓட்டோக்காரன் புனித அந்தோனியாரை நினைத்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தான்.

மண்டபத்தில் போட்டியை நடத்தியவர் மஹ்ரூப். கழுத்தில் விசில், கையில் சட்டத்தாள், முகத்தில் சிரிப்பென்பது மருந்துக்கும் இல்லை. அருள்மலரின் மேசைக்கு வந்தவர் நின்றுவிட்டார்.

"என்ன தங்கச்சி இது? தோணியா?"

"லாப்டொப்" என்றாள் அருள்மலர்.

"மஹ்ரூப் நானா, அது லாப்டொப்பில சேருமோ எண்டு ஒருக்கா பாருங்கோவன்" என்று டிலக்ஷி தேனொழுகச் சொன்னாள்.

மஹ்ரூப் மூடித் திறந்து பார்த்தார். மூடியது, திறந்தது. பற்றரி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. தாளைப் பார்த்தார். "சேரும்" என்று மனமில்லாமல் ஒப்புக்கொண்டார். அருள்மலர் மூச்சு விட்டாள். "ஆனா தண்ணி ஏலா. மேசையில தண்ணி, சோடா, தேத்தண்ணி ஒண்டும் வைக்கப் படாது. எல்லா மேசைக்கும் வயர் ஓடுது. பேசின வெளிய எடுங்க."

பேசின் இல்லாவிட்டால் இரண்டு ஆளைச் சுடுகிற நேரம்தான். டிலக்ஷி தன் பையின் பூட்டைச் சர்ரென்று இழுத்துத் திறந்தாள். அந்தச் சத்தம் அருள்மலரின் காதில் தனியாகக் கேட்டது.

"மேசையில வைக்கப் படாது" என்று பேணாட் மெல்லச் சொன்னான். "மடியில வைக்கலாமோ?"

மஹ்ரூப் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மடியப் பத்தி இதில ஒண்டுமில்ல."

அருள்மலர் பேசினை மடியில் வைத்துப் பார்த்தாள். கை எட்டவில்லை. பேசின் வயிற்றில் இடித்தது.

"ஆருடைய மடி எண்டும் அதில இல்லைத்தானே?" என்றான் பேணாட்.

அப்படித்தான், அந்த மண்டபம் முழுக்க எழும்பி நின்று பார்க்க, பேணாட் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் முழங்கால் இரண்டையும் ஒட்ட வைத்துக்கொண்டு இருந்தான். மடியில் பேசின், பேசினில் ஐஸ் தண்ணீர், தண்ணீரில் லாப்டொப். மூக்கு அவன் பக்கம், ஸ்கிரீன் அவள் பக்கம். அது சுற்றித் திரியாமல் இரண்டு பக்கமும் நூல் கட்டி, நங்கூரம் போட்ட மாதிரி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டான். கரண்ட் வயரைத் தொடுக்க மஹ்ரூப் விடவில்லை. பற்றரி மட்டும்தான். அருள்மலர் எதிரே முழங்காலோடு முழங்கால் முட்ட இருந்தாள்.

முதல் ஆட்டம் வென்றார்கள். பேணாட் மூச்சு விட்டால் ஸ்கிரீன் ஏறியது, இழுத்தால் இறங்கியது. "மூச்சு விடாதையுங்கோ" என்றாள் அருள்மலர். "எவ்வளவு நேரம்?" என்றான். "நான் சொல்லுமட்டும்" என்றாள். அடுத்த ஆட்டமும் வென்றார்கள். எதிரில் விளையாடிய பெடியன்கள் பாதி நேரம் தங்களுடைய ஸ்கிரீனை விட்டுவிட்டுப் பேசினைத்தான் பார்த்தார்கள். அதுவும் உதவி செய்தது என்று சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

பேணாட்டுக்கு ஆட்டம் ஒன்றும் தெரியவில்லை. ஸ்கிரீனின் முதுகும் அதற்கு மேலே மனைவியின் முகமும்தான் தெரிந்தது. உதட்டைக் கடிப்பதும், கண்ணைச் சுருக்குவதும், ஆளை விழுத்தியதும் மூக்குநுனியால் சிரிப்பதும். இத்தனை நாளும் ஒரே வீட்டில் இருந்தும் இந்த முகத்தை அவன் பார்த்ததில்லை. அவள் விளையாடும்போது அவன் எப்போதும் எதையாவது அடைத்துக்கொண்டிருப்பான். அருள்மலர் ஒருதரம் நிமிர்ந்தபோது அவன் வாயைத் திறந்தபடி தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது. அந்த வெட்கத்தில் ஒரு குண்டு தவறியது.

"இஞ்ச பாக்காதையுங்கோ!"

"வேற எங்க பாக்கிறது?"

இறுதி ஆட்டம் தொடங்கும்போது ஐஸ் முழுக்கக் கரைந்துவிட்டது. பாதி ஆட்டத்தில் பஸ்மியா சுடுபட்டு விழுந்தாள். அருள்மலர் தனியே. எதிரில் இரண்டு பேர். ஒருவனை விழுத்தினாள். ஸ்கிரீன் ஒருதரம் உறைந்து, திரும்ப ஓடியது. அவளுக்கு உயிர் போய் வந்தது.

"சூடேறுது அப்பா! தண்ணி சுடுது!"

"எனக்குத் தெரியும்" என்றான் பேணாட். மடி அவனுடையது.

"ஐஸ் தாங்கோ ஆராவது!"

ஐஸ் இருந்தது டிலக்ஷியின் கையில்தான், ஐஸ் கோப்பிக் கோப்பைக்குள். அவள் கோப்பையைப் பார்த்தாள், மச்சாளைப் பார்த்தாள், சூடு தாங்காமல் நெளிகிற அண்ணனைப் பார்த்தாள். "ஐயோ, இந்தாங்கோ!" என்று அப்படியே பேசினுக்குள் கவிழ்த்தாள். மன்றாட்டெல்லாம் போய்விட்டது. எவ்வளவுதான் குசும்பியானாலும் அவளுக்கும் சொந்த அண்ணன்தானே. தண்ணீர் கோப்பி நிறமானது. ஸ்கிரீன் கொஞ்சம் ஓடி, திரும்பவும் உறைந்தது. இனிக் கறுக்கும். கறுத்தால் லாப்டொப்பும் இல்லை, கேடயமும் இல்லை, இவ்வளவு நாள் பட்ட பாடும் இல்லை. அருள்மலரின் கண்ணில் தண்ணீர் முட்டியது.

பேணாட் அதைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்தது அந்த முகம் ஒன்றுதான். இடது கை நூலைப் பல்லால் கடித்துப் பிடித்தான். சட்டைப் பையில் குத்தூசி ஒன்று எப்போதும் இருக்கும், வள்ளத்துப் பலகை உக்கியிருக்கிறதா என்று குத்திப் பார்க்கிற ஊசி. அதை எடுத்தான்.

"மலர்" என்றான் பல்லிடுக்கால். "எங்க வேணும்?"

"என்ன?"

"ஓட்டை."

அருள்மலர் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "எங்கயெண்டாலும்!" என்று கத்தினாள்.

பேணாட் குத்தூசியாலேயே நெற்றியில் சிலுவை போட்டான். கண்ணை இறுக மூடினான். தண்ணீர் மட்டத்துக்கு மேலே, உள்ளே வயர் இல்லாத இடம் எதுவென்று கட்டிய கைக்குத் தெரியும். குத்தினான். தன் தொடையிலேயே குத்தியதுபோல ஒரு சத்தம் அவன் தொண்டையிலிருந்து வந்தது. பக்கத்தில் இன்னொன்று குத்தினான். பிறகு ஒன்று. உஸ் என்று சூடான காற்று அவன் முகத்தில் அடித்தது. உள்ளே காற்றாடி, பிறந்த நாளிலிருந்து முதல் தடவையாக மூச்சு விட்டது.

ஸ்கிரீன் ஓடத் தொடங்கியது. ஆனால் பேணாட் விம்மினான். மடி குலுங்கியது, பேசின் குலுங்கியது, லாப்டொப் மேலும் கீழுமாகத் துள்ளியது. வேறு யாராக இருந்தாலும் சுவரைச் சுட்டிருப்பார்கள். அருள்மலர் கிணற்றடியில் பழகியவள். லாப்டொப் எழும்பும்வரை பொறுத்தாள், இறங்கத் தொடங்கியதும் சுட்டாள். கடைசி ஆள் விழுந்தான்.

மண்டபமே கத்தியது. பஸ்மியா கேடயத்தைத் தூக்கிக்கொண்டு மஹ்ரூபைக் கட்டிப்பிடிக்கப் போய், நினைவு வந்து, டிலக்ஷியைக் கட்டிப்பிடித்தாள். மஹ்ரூப் விசிலை வாயில் வைத்து ஊதாமல் சிரித்தார். பெட்டி உடைக்காத லாப்டொப் அருள்மலரின் கைக்கு வந்தது. பேணாட்டைக் கதிரையிலிருந்து எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. மடி விறைத்துப்போயிருந்தது.

திரும்பி வரும்போது ஓட்டோவில் பேணாட் பேசினைக் காலுக்கடியில் தள்ளினான். தான் கட்டியதை மடியில் வைத்து, மூன்று ஓட்டையையும் விரலால் பொத்திப் பிடித்துக்கொண்டே வந்தான். செத்த வீட்டுக்குப் போய்வருகிற மனிசன் மாதிரி இருந்தது முகம். சீனக்குடா தாண்டும்போது அருள்மலருக்கு மனம் பொறுக்கவில்லை. தனக்காக இந்த மனிசன் செய்யாததைச் செய்துவிட்டான் என்று நினைக்க நெஞ்சு இளகிப்போனது.

"இஞ்சருங்கோ" என்று அவனுடைய கையைப் பிடித்தாள். "மாதாவாணை, இனி நான் செத்தாலும் ஓட்டை எண்ட கதையை உங்களோட எடுக்கமாட்டன்."

"சத்தியமாவோ?"

"சத்தியமா."

டிலக்ஷிதான் சாட்சி.

அடுத்த நாள் பார்மசியில் அருள்மலருக்கு வேலையே ஓடவில்லை. வீட்டு மேசையில் புது லாப்டொப் இருக்கிறது. கடையில் விற்கிற, கம்பனி செய்த, சூடாகாத லாப்டொப். பேசினும் வேண்டாம், ஐசும் வேண்டாம். காய்ச்சல் மருந்து கேட்டு வந்தவருக்கு இருமல் மருந்தை எடுத்து நீட்டி, முதலாளியிடம் பேச்சும் வாங்கினாள். வேலை முடிந்ததும் ஓட்டமும் நடையுமாக வந்து படலையைத் திறந்தாள்.

ரெசின் மணத்தது.

மாமரத்தின் கீழ், காய்வதற்காக, புது லாப்டொப் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கவாட்டில் இருந்த ஓட்டை வரிசை இல்லை. அடியில் இருந்த ஓட்டை வரிசை இல்லை. வேலை பார்க்க நல்ல சுத்தம், அதைச் சொல்லத்தான் வேண்டும். வழுவழுவென்று, ஒரு துளி போகாது. நடுவில் பளபளவென்று ஒரு அலுமினியத் தகடு. பாற்சட்டியின் மூடி.

பேணாட் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஓட்டைக் கதை எடுக்கமாட்டன் எண்டு நீர் மாதாவாணை சத்தியம் பண்ணினீர், பிறகு இதை இப்பிடியே விட எனக்கு மனம் கேக்கேல்ல மலர். எவ்வளவு ஓட்டை விட்டிருக்கிறாங்கள் தெரியுமோ? அடியில, பக்கத்தில, பின்னால. இதைப் போட்டியில பரிசெண்டு குடுக்க வெக்கமில்லை அவங்களுக்கு. ஒண்டும் மிச்சம் விடாமல் அடைச்சிட்டன்."

அருள்மலர் வாயைத் திறந்தாள்.

பேணாட் காத்திருந்தான். சிரித்த முகத்தோடு, நம்பிக்கையோடு, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்தபடி காத்திருந்தான். முன்விளிம்பில் சிவப்பு எழுத்து இன்னும் காயவில்லை. 'அருள்மலர் 2' என்று எழுதியிருந்தான். இந்த முறை சரிவில்லாமல், நேராக.

அருள்மலர் வாயை மூடினாள். கைப்பையை மாமரக் கொப்பில் கொழுவினாள். கிணற்றடிக்குப் போய்ப் பேசினைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"சந்தை பூட்டமுன் ஓடிப்போய் ஐஸ் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றாள்.